அறிஞர் டோனர் கூறுவது போல

டோனருக்கு அந்தப் பெயரை வைத்தது பெற்றவர்கள் அல்ல, தெரு. ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டு விட்டு, டோனர் என்கிற அந்தக் கறுப்பு மைத்தூள் அவருடைய நகக்கண்ணில் ஏறி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டார், அதாவது முயற்சியை. "டோனர் அண்ணே, முன்னும் பின்னும் ஒரு காப்பி" என்று கேட்டுக் கேட்டுப் பழகி, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இது அவருடைய கதை அல்ல, அவர் மனைவியின் கதை. அவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார், கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்.

மனைவியை எல்லோரும் டீச்சர் என்றார்கள். கட்டிய புருஷனும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். "டீச்சர், சோத்துல உப்பு இல்ல" என்று அவர் சொல்வதைக் கேட்டுப் புதிதாக வந்த மாணவர்கள் விழிப்பார்கள். அவர்களுடைய கல்யாணமே ஒரு பேப்பர் ஜாமில் தொடங்கியது. அப்போது டீச்சர் மாணவி. நாடகப் பேப்பரில் இரண்டு முறை கோட்டை விட்டவர். மூன்றாவது முறைக்காகத் தன் கைப்படக் குறிப்பு எழுதி, அதை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தார். மெஷின் ஒரு தாளை விழுங்கிவிட்டது. டோனர் அதைக் கிழியாமல் உருவி எடுத்து, சூடு ஆறட்டும் என்று கையில் வைத்துக்கொண்டிருந்தபோது சும்மா படித்துப் பார்த்தார். முழுப் பக்கமும் படித்துவிட்டு, "அப்புறம் அந்தத் தங்கச்சி என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்.

தங்கச்சி என்பது நாடகத்தில் வருகிற தங்கச்சி. யாரோ எப்போதோ எழுதிய பழைய நாடகம், பழிக்குப் பழி வாங்குகிற கதை. தொலைதூரக் கல்வியில் பட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அது கட்டாயப் பாடம். ஒரு தளபதி, அவனுக்கு உயிர் நண்பன் ஒருவன். வேட்டைக்குப் போன இடத்தில் நண்பனே தளபதியின் முதுகில் ஈட்டியைப் பாய்ச்சிவிட்டு, காட்டுப்பன்றி குத்திவிட்டது என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான். மாளிகை, பதவி எல்லாம் அவனுக்கு. செத்தவனின் மகன் அடையாளத்தை மறைத்து அதே மாளிகையின் லாயத்தில் குதிரை தேய்க்கச் சேர்கிறான். மகள், கொலைகாரனின் குழந்தைக்குத் தாதியாகிறாள். இன்றைக்குக் கொல்கிறேன், நாளைக்குக் கொல்கிறேன் என்று மகன் மூன்று அங்கத்தை ஓட்டிவிடுகிறான். கடைசியில், கையில் ரத்தம் ஒட்டாமல் காரியத்தை முடிக்க ஒரு வழி தெரிகிறது. மாளிகைக்கு வெளியே ஆறு, ஆற்றின் மேல் மரப்பாலம். அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரே ஒரு ஆப்பு. கொலைகாரன் தினமும் காலையில் குதிரையில் அதைக் கடப்பான். மகன் ஆப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கரையில் காத்திருக்கிறான்.

அன்றைக்குப் பார்த்துக் கொலைகாரனுக்குக் காய்ச்சல். பாலத்தில் குதித்துக் குதித்து ஓடி வருவது குழந்தை. அதைப் பிடிக்கப் பின்னாலேயே வருவது இவன் தங்கை. ஆற்று இரைச்சலில் இவன் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. பாலம் போகிறது. சத்தம் கேட்டுக் காய்ச்சலோடு ஓடி வந்த கொலைகாரன், தன் குழந்தையைத் தேடி ஆற்றில் குதித்து அவனும் போகிறான். பழி தீர்ந்தது. திரை விழும்போது மகன் கையில் ஆப்போடு தனியாக நிற்கிறான்.

இந்தக் கதையை நினைத்து அழுதுகொண்டே ஆறு பக்கம் எழுதியதால்தான் டீச்சர் முதல் இரண்டு முறையும் பெயில். கேள்வி, "இந்நாடகத்தில் பயின்று வரும் உத்திகளை விளக்குக." கதையை யார் கேட்டார்கள்? அழுகைக்கெல்லாம் மார்க் போடுவதற்குப் பேப்பர் திருத்துகிறவருக்கு நேரமில்லை. மூன்றாவது முறை டீச்சர் அழவில்லை. அழ வைப்பது எது, எந்த இடத்தில், எப்படி என்று கழற்றிக் கழற்றிப் பார்த்தார். பாஸானார். பிறகு அதையே பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையில் இறங்கிவிட்டார்.

வகுப்பு, கடைக்கு மேலே உள்ள வீட்டின் முன்னறையில் நடந்தது. நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை. துணி அலமாரியின் கதவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கரும்பலகை ஆக்கியிருந்தார்கள். அதைத் திறந்தால் டோனரின் சட்டைகள் தொங்கும். சமையலறையில் இடமில்லாததால் பிரிட்ஜும் வகுப்பில்தான் நின்றது. படிக்க வந்தவர்கள் லாரி ஓட்டுகிறவர், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாங்களும் படிக்க வந்த அம்மாக்கள். பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தவர்கள். உட்கார்ந்ததும் கண் சொருகும். அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதே ஒரு கலை. அந்தக் கலை டீச்சருக்குக் கைவந்தது.

"தனிமொழின்னா என்ன? ஒருத்தன் தனியா இருக்கும்போது மனசுல உள்ளதை வாய்விட்டுச் சொல்றது. சமையல் ரூம்ல பாத்திரத்தை நங்குன்னு வெச்சுக்கிட்டு மாமியாரைப் பத்திப் பேசுறீங்களே, அது."

அம்மாக்கள் சிரிப்பார்கள். தூக்கம் ஓடிவிடும்.

"பக்கமொழின்னா? மேடையில பத்து பேர் இருப்பாங்க. ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கிட்டு நம்மகிட்ட மட்டும் சொல்லுவான். மத்தவங்க காதுல அது விழாது." உடனே டீச்சர் பிரிட்ஜின் பக்கம் திரும்புவார். "இந்த லாரிக்காரர் நேத்து நோட்டைத் திறக்கவே இல்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, எனக்குத் தெரியும்." லாரிக்காரர் தன் காதில் எதுவும் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் விதி. பாவம், அவர் காது மட்டும் சிவந்துவிடும்.

டோனருக்கு மிகவும் பிடித்தது நாடக முரண் பாடம். மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து கேட்பார்.

"பாலத்துல ஆப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். ஓடி வர்ற குழந்தைக்குத் தெரியாது. நாற்காலியில உக்காந்திருக்கிற நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கத்துவேன் டீச்சர்."

"கத்தினா அதுக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"அதான் நாடக முரண். உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. சொல்லவும் முடியாது. மூணையும் சேர்த்து எழுதுங்க, மார்க் தானா விழும்."

எத்தனையோ வருடம் சொன்ன பாடம்தான், அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் லேசாக இறங்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் டோனருக்கு, இவள் நம்முடைய மெஷினுக்குத் தாள் கொண்டுவந்தது நம் பாக்கியம் என்று தோன்றும்.

இனி போட்டோ சாரைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல ஆசையில்லை.

முன்பு ஒரு டுட்டோரியலில் டீச்சரும் அவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஆள் நல்ல உயரம், நல்ல குரல், நல்ல சட்டை. ஒருநாள், "உங்க நோட்ஸைக் கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனார். அடுத்த பருவத்தில் அது பளபளவென்று புத்தகமாக வந்தது. அட்டையில் கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிற அவருடைய போட்டோ. என்ன யோசித்தாரோ! டீச்சர் போய்க் கேட்டபோது, இந்த அம்மாதான் என்னுடையதைப் பார்த்து எழுதினார் என்று எல்லோர் முன்னாலும் நிர்வாகியிடம் ஒரே போடாகப் போட்டார். அவருடையது அச்சில் இருந்தது, இவருடையது கையெழுத்தில். அச்சில் இருப்பதைத்தானே உலகம் நம்பும்? டீச்சரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் யாரிடமும் புலம்பவில்லை. சில மாதம் காய்கறியை மட்டும் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கினார். பிறகு முன்னறையில் வகுப்பு தொடங்கியது. போட்டோ சார் தெருமுனையில் சொந்தமாகவே ஒரு பெரிய டுட்டோரியல் திறந்தார். ஒவ்வொரு வருடமும் டீச்சர் புதிதாகச் சேர்க்கிற குறிப்புகள் அடுத்த மாதமே போட்டோ சார் அட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. "போகட்டும் விடுங்க, யாருடைய நோட்ஸைப் படிச்சாலும் பிள்ளைங்க பாஸானா சரி" என்பார் டீச்சர். உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் புத்தகத்தை ஆள்விட்டு வாங்கி வந்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு எழுத்துப் பிழையாகச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கக் கூடாது.

டோனருக்குத்தான் வயிறு எரிந்தது. நோட்ஸ் எந்த வழியாகப் போகிறது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு ஆள் வந்து, "பரீட்சைக்குப் படிக்கிறேங்க, டீச்சர் நோட்ஸ் ஒரு செட்" என்று வாங்கிப் போவான். போட்டோ சாரின் மச்சான். வருடாவருடம் வருவான், வருடாவருடம் அதே பரீட்சைக்குத்தான் படிப்பான். ஒரு மனுஷன் இத்தனை வருடமா பெயிலாவான்?

அந்த வருடம் டோனர் ஹெல்மெட்டுக்காகவே தனியாக ஒரு செட் அடித்தார். டைப் அடிப்பதும் அவர்தானே. உத்திகள் பக்கத்தைத் திறந்தார். தனிமொழிக்குப் பக்கமொழியின் விளக்கத்தையும் பக்கமொழிக்குத் தனிமொழியின் விளக்கத்தையும் மாற்றிப் போட்டார். முடிவில் மகன் மனம் திருந்திக் குதிரை வியாபாரி ஆகிறான் என்று எழுதினார். கை சூடு பிடித்துவிட்டது. இல்லாத உத்தி ஒன்றைப் பெற்றெடுத்து, அதற்குப் பெயரும் வைத்தார்: கறை முரண். அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு மேற்கோள். "'ஆப்பு பிடுங்கப்படும்போது சத்தம் கேட்பதில்லை, கையில் கறை மட்டுமே மிஞ்சுகிறது' என்கிறார் மேலைநாட்டு அறிஞர் டோனர்."

டீச்சரிடம் மூச்சு விடவில்லை. போட்டோ சாரின் புத்தகம் வெளிவந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. அறிஞர் டோனரைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். அன்று முழுவதும் டோனர் விசில் அடித்துக்கொண்டே ஜெராக்ஸ் எடுத்தார்.

பரீட்சைக்கு முந்தைய நாள் பகலில் வார்டு அக்கா கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். முன்பு டீச்சரிடம் படித்தவர், டூட்டி நேரம் ஒத்துவராததால் போட்டோ சாரிடம் மாறியவர். பல வருடமாக எழுதிப் பார்த்துவிட்டார். இதுதான் கடைசி வாய்ப்பு, இதில் தவறினால் பதிவே ரத்து. பாஸானால் வார்டு மேற்பார்வையாளர் வேலை காத்திருக்கிறது. ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். அப்போதுதான் டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னக்கா, மந்திரமா?"

"அய்யோ டீச்சர், உத்திகள்தான். கேக்குறீங்களா? தப்பு இருந்தா சொல்லுங்க." வார்டு அக்கா நிமிர்ந்து நின்று ஒப்பித்தார். "இந்நாடகத்தின் தலையாய உத்தி கறை முரண் ஆகும். மேலைநாட்டு அறிஞர் டோனர் கூறுவது போல..."

"யாரு?"

"டோனர், டீச்சர். பெரிய அறிஞராம். சார் நோட்ஸ்ல கட்டம் கட்டிப் போட்டிருக்கு. ஹால்ல எல்லாரும் இதைத்தான் மனப்பாடம் பண்றோம். நம்ம அண்ணன் பேரு மாதிரியே இருக்கேன்னு எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சுலபமா ஞாபகம் நிக்குது."

டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். டோனர் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ தேடினார். உள்ளே எதுவும் இல்லை. அவர் காது இரண்டும் லாரிக்காரரின் காதை விடச் சிவந்திருந்தன.

"அக்கா, அந்தப் பக்கத்தை மட்டும் இப்போ படிக்காதீங்க. சாயங்காலம் அங்கதானே கடைசி வகுப்பு? போங்க, நான் வர்றேன்" என்று அவரை அனுப்பி வைத்தார் டீச்சர். அதுவரை டோனர் மூடியை மூடவே இல்லை.

"சொல்லுங்க."

டோனர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தைரியம் வந்துவிட்டது. "வெச்சேன் பாரு அவனுக்கு ஆப்பு! இத்தனை வருஷம் உன்னைத் திருடித் தின்னான். நல்லா வேணும்!"

"ஆப்பு வெக்கலங்க நீங்க," என்றார் டீச்சர். "பிடுங்கியிருக்கீங்க."

டோனருக்கு விளங்கவில்லை.

"நாளைக்குப் பாலத்துல யாரு நடக்கப் போறா? போட்டோ சாரா? அவரு பரீட்சை எழுதுறாரா?"

"அவன் ஆளுங்கதானே எழுதுறாங்க..."

"வார்டு அக்கா அவரு ஆளா? ஒரே இல்லாத அறிஞரு முந்நூறு பேப்பர்ல வந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? கூட்டுக் காப்பின்னு மொத்தப் பேரோட ரிசல்ட்டையும் நிறுத்தி வெச்சிடுவாங்க. அவரு அடுத்த வருஷம் வேற சட்டை போட்டுக்கிட்டுப் போட்டோ எடுத்துப்பாரு. அக்காவுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

டோனர் இப்படி ஒருபோதும் யோசித்ததில்லை. புத்தகத்தைப் போட்டோ சார் அச்சடிப்பார், ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் அவர் கண்ணில் தெரிந்தது. நடுவில் முந்நூறு பேர் பேனாவோடு உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. ஆனாலும் விட மனசில்லை.

"ரிசல்ட் வரட்டும் டீச்சர். அந்த அறிஞர் யாருன்னு விசாரணை வரும். நோட்ஸ் எங்கிருந்து போச்சுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுடும். உன் பேரு உனக்குத் திரும்பி வரும். இப்போ போய்ச் சொன்னா அவன் திருத்திக்கிட்டுத் தப்பிச்சுடுவான். இதை விட்டா இன்னொரு சாட்சி உனக்குக் கெடைக்காது."

அது உண்மைதான். டீச்சருக்கும் அது தெரிந்தது. மாடிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து டோனர் மெதுவாகப் படியேறிப் போய், சமையலறைக்கு வெளியே நின்றார். குழாய் திறந்திருந்தது. உள்ளே டீச்சர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வரட்டுமே. நானா பிடுங்கினேன்? நான் கையக்கூட வெக்கல. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னானே, அவங்க எல்லாரும் பாக்கட்டுமே ஒருநாள்." ஒரு பாத்திரம் நங்கென்று விழுந்தது. "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

பிறகு நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். இந்தக் கோபம் இவளுக்குள் இவ்வளவு வருடம் இப்படி உயிரோடு இருந்தது என்று டோனருக்குத் தெரியாது. குழாய் நின்றது. டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"செருப்பைப் போடுங்க."

"எங்க?"

"கத்துறதுக்கு. அந்தக் குழந்தைக்குத்தான் நாம கத்துறது கேக்காது. இவங்களுக்குக் கேக்கும்."

போட்டோ சாரின் ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் அவர் மைக்கோடு நின்றார். பின்னால் அவரே கன்னத்தில் விரல் வைத்தபடி ஆளுயரப் பேனரில் இருந்தார். டீச்சர் நடுவழியே நேராக நடந்து போனார். டோனர் கடைசி வரிசையில் தூணோரமாக ஒண்டிக்கொண்டார்.

"வாங்க வாங்க," என்றார் போட்டோ சார் மைக்கிலேயே. "பழைய டீச்சர். நம்ம வகுப்பைக் கேக்க வந்திருக்காங்க."

"உத்திகள் பக்கம் தப்பா இருக்கு சார்," என்றார் டீச்சர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "திருத்திச் சொல்லிடுங்க. அந்த அறிஞரை யாரும் எழுத வேண்டாம்."

ஹால் சலசலத்தது. போட்டோ சாருக்கு இந்த இடத்தில் தப்பிக்க வழி இருந்தது. அச்சுப்பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால், அதுவும் இந்த அம்மாவிடமா?

"என் நோட்ஸ்ல தப்பு வராது," என்று சிரித்தார். "சில பேருக்கு மேலைநாட்டு அறிஞர்களைப் பத்தித் தெரியாது. அது அவங்க குத்தம் இல்ல. டோனரை நான் கரைச்சுக் குடிச்சவன். அவரோட மூணு புத்தகம் என் அலமாரியில இருக்கு."

கடைசி வரிசையில் டோனர் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினார். வாயைத் திறந்தால் செய்தது வெளியே வரும், நாளைக்கு எவன் இவரை நம்பிச் சான்றிதழைக் கையில் கொடுப்பான்? மூன்றாவது வரிசையில் வார்டு அக்காவின் தலை தெரிந்தது. டீச்சர் பேச்சையா சார் பேச்சையா, எதை எடுப்பது என்று தெரியாமல் அந்தத் தலை இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது. டோனர் தூணை விட்டு வெளியே வந்தார். கையை உயர்த்தினார்.

"நான்தான் சார் டோனர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கறுப்பு நகங்களைத் தெரியாதவர்கள் அங்கே யார்? அத்தனை பேருடைய ஹால் டிக்கெட்டும் அந்தக் கை வழியாகப் போனதுதானே.

"அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான். டீச்சருக்குத் தெரியாது. உங்க மச்சான் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போனாருல்ல, அந்த செட்டுல வேணும்னே எழுதினேன். கறை முரண்னு ஒண்ணு கிடையாது. நான் பண்ணது தப்பு. எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

நடு வரிசையிலிருந்து ஒரு குரல், "அண்ணே, நீங்களா அந்த மேலைநாட்டு அறிஞர்?" என்றது.

"மேலைநாடெல்லாம் இல்லப்பா. மெடிக்கல் ஷாப்புக்கு மேற்கால."

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், பேனரே ஆடியது. போட்டோ சார் மைக்கை இறக்கினார். அவர் முகம் போன போக்கை வர்ணிக்கப் பேராசை வருகிறது, ஆனால் டீச்சர் அதை ஒரு தடவைதான் பார்த்தார். எட்டி மைக்கை வாங்கினார், அவரும் கொடுத்துவிட்டார். இப்போது ஹால் முழுக்க டீச்சரின் கையில். இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்த கேள்வி, இது யாருடைய நோட்ஸ் என்கிற ஒரே கேள்வி, அதைக் கேட்டால் போதும். ஹால் அதற்காகத்தான் காத்திருந்தது.

"எல்லாரும் பேனா எடுங்க," என்றார் டீச்சர். "உத்திகள் பக்கம் முழுசா அடிச்சிடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. முதல்ல தனிமொழி."

முந்நூறு பேனாக்கள் ஒரே கோடாக அடித்தன. டீச்சர் நிதானமாகச் சொன்னார். விட்டவர்களுக்காகத் திருப்பிச் சொன்னார். பக்கமொழிக்குப் பிரிட்ஜ் இல்லாததால் ஆளுயரப் பேனரின் பக்கம் திரும்பிக் காட்டினார், அதற்கும் சிரிப்பு. கடைசியில் மையக்கருத்துக்கு வந்தார்.

"பழி வாங்குகிறவன் குறி பார்ப்பது ஒருவனை. அடி விழுவது அப்போது பாலத்தில் யார் நடக்கிறார்களோ அவர்கள் மேல்."

இந்த வரியை டோனர் எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறார். அடிக்கிறவன் கண்ணுக்கு எழுத்துதான் தெரியும், வாக்கியம் தெரியாது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் காதால் கேட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் எழுதிக்கொண்டார்.

ரிசல்ட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். வார்டு அக்கா பாஸ். போட்டோ சாரின் அடுத்த புத்தகத்தின் அட்டையில் படமே இல்லை, வெறும் ரோஜாப் பூ. டோனரிடம் சான்றிதழ் கொடுக்க யாரும் பயப்படவில்லை. "அறிஞரே, ஒரு காப்பி" என்று கேட்க ஆரம்பித்ததுதான் மிச்சம். ஆனால் அவருக்கு மறக்காதது அன்று மாலை ஹாலிலிருந்து இருவரும் நடந்து வந்த வழிதான்.

டீச்சர் இரண்டடி முன்னால் நடந்தார். கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெடிக்கல் ஷாப் வரைக்கும் டோனர் பொறுத்துப் பார்த்தார்.

"டீச்சர், என் மேல கோபமா?"

"ஆமா."

"இன்னைக்கு நீ கேட்டிருக்கலாம். மைக் கையில இருந்துச்சு. உன் பேரை நீ கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா சண்டையாகி, பக்கம் பாதியிலயே நின்னிருக்கும். யாருக்கும் மையக்கருத்து கெடைச்சிருக்காது."

இப்படி ஒருத்தியோடு குப்பை கொட்டுகிறோம், நமக்கு இதன் அருமை பாதிகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, டோனர் ஜெராக்ஸ் கடையின் பூட்டைத் திறக்கக் குனிந்தார். டீச்சர் மூடியிருந்த பக்கத்துக் கடை ஷட்டரின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணு புத்தகம் அலமாரியில இருக்குன்னானே," என்றார் ஷட்டரிடம். "இவரு கையைத் தூக்கினதும் அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! என் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. கட்டினா இந்த மாதிரி ஒரு முட்டாளைத்தான் கட்டணும்."

டோனர் சாவியோடு நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"உங்களுக்குக் கேக்கக் கூடாது," என்றார் டீச்சர். "பக்கமொழி."

டோனர் தன் காதில் எதுவும் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினார்.